வியாகுலத்தின் கை

வாங்க அண்ணாச்சி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. எண்ணெய் ஒட்டும், இந்தப் பேப்பரை விரிச்சுக்கிடுங்க. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு ஒருத்தர் இன்ஜின் கடைக்கு வந்தா அவருக்கு இன்ஜின்ல சோலி இல்லன்னு எனக்குத் தெரியாதா? வியாகுலம் மவ விஷயமாத்தான வந்திருக்கிய?

தெரியும். ஜெனோவாவைப் பொண்ணு கேட்டு வாரவங்க எல்லாரும் கடைசியில இங்கதான் வந்து நிக்காவ. முதல்ல கோயிலடியில விசாரிப்பாவ. அங்க ஒருத்தன், "பொண்ணு தங்கமான பொண்ணு, அப்பன்தான்..."ன்னு இழுப்பான். அப்பனுக்கு என்னன்னு கேட்டா, "தஸ்நேவிஸ் மெக்கானிக்கிட்ட கேளுங்க, அவருதான இன்ஜினைத் தொறந்து பாத்தாரு"ம்பான். பேச்சைத் தொடங்குறது ஒருத்தன், முடிக்கது நானு. இந்த ஊரு லெச்சணம் அப்படி.

உங்களுக்கு எந்த ஊரு? முட்டமா. பையன் உங்க அண்ணன் மவன். கப்பல்ல இருக்கான். நல்லது, நல்லது.

உங்களுக்கு முன்னால ரெண்டு குடும்பம் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "இன்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு." அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அடுத்தவன் குடும்பத்தைப் பத்தி நான் எதுக்குப் பேசணும்? அவங்க எந்திரிச்சுப் போயிட்டாவ. அதுக்கு நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. பொண்ணு நல்ல பொண்ணுன்னு நானாத்தான் சேத்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கு. எம் பொண்டாட்டி காய்ச்சல்ல படுத்துக் கெடந்தப்ப எட்டு நாளு வந்து தண்ணி எடுத்து ஊத்திக் கஞ்சி வச்சிக் குடுத்த பிள்ளை. யாரும் கூப்பிடல, அதுவா வந்துச்சு. இருபத்தாறு வயசு ஆயிருச்சு. நினைச்சா எனக்கே வருத்தமாத்தான் இருக்கு.

நீங்க பேசுங்க, நான் கையை ஓட்டிக்கிட்டே கேக்கேன். இந்த இன்ஜின் மத்தியானம்தான் வந்துச்சு. நாலு மணிக்குள்ள இதை முடிச்சு ஆகணும். ஏன்னு பொறவு சொல்லுதேன்.

கோளாறு என்னன்னா, கைப்பிடியை நடுவுல வச்சாலும் படகு முன்னால நகருதாம். நீங்க கடக்கரை ஆளு, உங்களுக்குத் தெரியும். ஆனா கப்பல்காரக் குடும்பம், மறந்திருப்பிய. கைப்பிடி முன்னால தள்ளுனா முன்கியர், பின்னால இழுத்தா பின்கியர், நடுவுல நின்னா நியூட்ரல். நியூட்ரல்னா இன்ஜின் ஓடும், தண்ணிக்குள்ள படகைத் தள்ளுற விசிறி நிக்கணும். நிக்காட்டி எங்கயோ பொய் இருக்குன்னு அர்த்தம். அந்தப் பொய் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கதுதான் என் தொழிலு.

இப்ப புதுசா வாரவன் எல்லாம் என்ன செய்தான்? கோளாறுன்னு சொன்ன உடனே அடிப்பெட்டியைப் பொளந்து பல்லுச் சக்கரத்தை வெளிய எடுத்து வச்சிருதான். மடப்பய. மேல இருந்துல்லா கீழ போகணும்? முதல்ல கைப்பிடியை ஆட்டிப் பாக்கணும், தொளதொளன்னு இருக்கான்னு. பொறவு அதுல இருந்து போற இணைப்பு. பொறவு கம்பி. இந்தக் கம்பி ஒரே கம்பி இல்ல அண்ணாச்சி, ரெண்டு துண்டு. மேல் துண்டும் கீழ் துண்டும் இந்த இடத்துல ஒரு நட்டுல சேருது. சுண்டு விரல் தண்டி நட்டு. இது ஒரு சுத்துக் கழண்டாலும் போச்சு. மேல கைப்பிடி நடுவுல நிக்கும், கீழ பல்லு முன்கியரைத் தொட்டுக்கிட்டு இருக்கும். முழுசாக் கடிக்காது. விட்டு விட்டுக் கடிக்கும். கிட் கிட்னு ஒரு சத்தம் வரும். நின்ன மாதிரி நிக்கும், திடீர்னு கடிச்சா ஒரே கடி.

இந்தச் சத்தம் எனக்கு எங்க இருந்தாலும் கேக்கும். சாப்பிடும்போது கேக்கும். பூசையில முட்டுப்போட்டு நிக்கும்போது கேக்கும். எம் பொண்டாட்டி டாக்டரிட்ட கூட்டிட்டுப் போனா. காதுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. அவருக்கு என்ன தெரியும், அவரு காதைத்தான பாத்தாரு.

சரி, நீங்க கேக்க வந்ததுக்கு வாரேன்.

ஏழு வருசம் ஆச்சு. ஆடி மாசம். காத்துன்னா காத்து, ஆனா சாளை மீனு அப்படிப் பட்டுச்சு. வலையை எறக்குனவன் எல்லாம் சிரிச்சுக்கிட்டு வந்தான். வியாகுலத்துக்கு ஒரு சின்ன ஃபைபர் படகு, பழைய இன்ஜின். மூணு கை மாறி வந்தது. அதை ஓட வச்சுக்கிட்டு இருந்ததே நான்தான், வேற ஒருத்தன்னா எடைக்குப் போட்டிருப்பான். அவன்கூடக் கடலுக்குப் போறது அவன் மச்சான் தொபியாஸ். பொண்டாட்டி கித்தேரி இருக்கால்லா, அவ தம்பி. இருபத்திநாலு வயசு. நல்லாச் சீட்டி அடிப்பான். தெரு முக்குல வரும்போதே சீட்டி கேக்கும். "நேவிஸ் மாமா, பழைய பிளக்கு கெடக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வருவான். தூண்டிலுக்கு ஈயம் மாதிரி கட்டுறதுக்கு. நானும் அவனுக்குன்னு ஒரு டப்பாவுல போட்டு வைப்பேன். இப்பவும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பழக்கம். டப்பா நெறஞ்சு போச்சு, ரெண்டாவது டப்பா வச்சிருக்கேன்.

ஆகஸ்ட் அஞ்சாம் தேதி தூத்துக்குடியில பனிமய மாதா திருநாள். எம் பேரே அந்தத் தாயி பேருதான், தஸ்நேவிஸ்னா பனிமயம்னு அர்த்தம். ஐம்பது வருசமா ஒரு திருநாளுக்கும் நான் போகாம இருந்ததில்ல. அன்னைக்கு விடியக்காலை குளிச்சு, புதுச் சட்டை போட்டு, ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி நிக்கேன், வியாகுலமும் தொபியாஸும் இன்ஜினைத் தூக்கிட்டு வாராங்க. தண்ணி துப்பலையாம். இன்ஜின் சூடாகாம இருக்க கடல் தண்ணியை இழுத்து வெளிய துப்பும்லா, அது துப்பல. அடிப்பெட்டியை எறக்கி உள்ள இருக்கிற ரப்பர்ச் சக்கரத்தை மாத்தணும். அரை மணி நேர வேலை. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உக்காந்தேன். அதை யாரும் நினைச்சுப் பாக்க மாட்டாங்க.

அடிப்பெட்டியை எறக்கணும்னா கம்பியைப் பிரிக்கணும். பிரிச்சேன். மாத்தினேன். திரும்பிச் சேக்கும்போது பாத்தா அந்த நட்டுல மரை தேஞ்சு போயிருக்கு. பிடிக்க மாட்டேங்குது. நான் தேய்க்கல, ஏற்கெனவே தேஞ்சது. புதுசு வாங்கணும்னா தூத்துக்குடிக் கடையில வாங்கணும், திருநாளுக்குக் கடை அடைப்பு. நான் என்ன செஞ்சேன், தூண்டில் நரம்பை எடுத்து மரையில நெருக்கமாச் சுத்தி, பசை தடவி, நட்டை இறுக்கினேன். கல்லு மாதிரி நின்னுச்சு. கைப்பிடியைப் போட்டுப் பாத்தேன், விசிறியைக் கையால சுத்திப் பாத்தேன், எல்லாம் சரி.

இந்த வியாகுலம் ஒரு பயந்தாங்கொள்ளி அண்ணாச்சி. எல்லாத்துக்கும் யோசிப்பான். "மாமா, கடை தொறக்கட்டும், ரெண்டு நாள் பொறுத்தே போறேன். புதுசு வாங்கிப் போட்டுருங்க"ங்கான். சாளை அப்படிப் படுற நேரத்துல ரெண்டு நாளு எவனாவது கரையில உக்காருவானா? "போலே, நான் போட்டது கம்பெனி போட்டதை விட நிக்கும்"னு சொல்லி அனுப்பினேன். தொபியாஸ் சிரிக்கான். "அத்தான் கட்டிலுக்கு நட்டுப் போட்டாலும் கமிட்டியில எழுதி வாங்கிட்டுத்தான் படுப்பாரு"ங்கான். நானும் சிரிச்சேன். ஏழு மணி பஸ்ஸையும் பிடிச்சிட்டேன்.

திருநாள் நல்லாக் கழிஞ்சுது. மறுநாள் மத்தியானம் பஸ்ஸை விட்டு எறங்குதேன், கையில மிட்டாய்ப் பொட்டலம். தெருவுல ஒரு ஆளு இல்ல. கோயில் மணி அடிக்கு. சாவு மணி.

மத்த ஆளுங்க திருநாளுக்குப் போனவங்க திரும்பி வரல, அதனால ரெண்டு பேரு மட்டும் போயிருக்காங்க. வலையை இழுத்து ஏத்திட்டு வரும்போது பாறைத்திட்டுக்குப் பக்கத்துல வலைக்கயிறு விசிறியில சுத்திக்கிச்சு. காத்து படகைப் பாறைப் பக்கமாத் தள்ளுது. வியாகுலம் நியூட்ரல் போட்டுட்டான். விசிறி நின்னுருச்சு. தொபியாஸ் கத்தியை வாயில கவ்விக்கிட்டுத் தண்ணியில குதிச்சான். கயித்தை அறுத்துட்டான். அறுத்த நிமிசம் விசிறி கடிச்சிருச்சு.

தொடையில. கரைக்கு வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. வேண்டாம், அதைச் சொல்லல.

இன்ஜினை ஏன் நிப்பாட்டலன்னு கேக்கிய. எல்லாரும் கேட்டதுதான். பாறைத்திட்டுப் பக்கத்துல எவன் நிப்பாட்டுவான்? பழைய இன்ஜின், சூட்டுல நிப்பாட்டினா திரும்பக் கயித்தை இருவது இழுப்பு இழுத்தாலும் பிடிக்காது. அதுக்குள்ள படகு பாறையில ஏறிரும். "சூட்டுல நிப்பாட்டாதிய, நியூட்ரல்ல போட்டு வேலையைப் பாருங்க"ன்னு நானே எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். இந்தக் கரையில அத்தனை பேரும் அப்படித்தான் செய்வான். அதுல அவன் மேல தப்பு இல்ல. அதை நான் ஒத்துக்கிடுதேன்.

போலீஸ் வந்து விபத்துன்னு எழுதிட்டுப் போயிருச்சு. ஊரு விடுமா? அதுக்கு ஒரு மாசம் முன்னால ஒரு ஞானஸ்நான வீட்டுல குடிச்சிட்டு ரெண்டு பேருக்கும் சண்டை. தொபியாஸ் வியாகுலத்து மேல கை நீட்டிட்டான். மறுநாளே ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கடலுக்குப் போனாங்க, ஆனா ஊருக்கு ஞாபகம் இருக்கிறது அடிச்சதுதான். "வேணும்னே முன்கியர்ல விட்டுட்டான்"னு தொபியாஸ் ஆத்தா தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா. கித்தேரி புருசனைப் பாத்துக்கிட்டே நின்னா. இவன் கொடிமரத்துல கையை வச்சுச் சத்தியம் பண்ணினான். "நான் நியூட்ரல்லதான் போட்டேன். கைப்பிடி நடுவுலதான் நின்னுச்சு."

ஊர்க் கமிட்டி கூடிச்சு. எட்டாம் நாள் பூசை முடிஞ்சதும் கடக்கரையில வச்சு இன்ஜினைச் சோதிக்கணும்னு முடிவு. யாரு சோதிக்க? ஊர்ல வேற எவனுக்கு வேலை தெரியும்? இன்ஜினை இந்தக் கடைக்குள்ளதான் வச்சுப் பூட்டினாவ. சாவியை என் கையில குடுத்தாவ.

ஆறு நாளு நான் கடைக்கு வரல. ஏழாம் நாள் மத்தியானம் வந்தேன். மூடியைக் கழட்டிப் பாத்தேன். அந்த நட்டு ரெண்டு சுத்துக் கழண்டு நிக்கு. நரம்பு பிஞ்சு தொங்குது.

என்ன செய்வேன் சொல்லுங்க. ஒரு வேலைக்காரன் தன் கடையில இருக்கிற இன்ஜினை அரைகுறையா ஊருக்கு முன்னால கொண்டு போய் வைப்பானா? கல்யாண வீட்டுக்குப் போற பிள்ளையை மூக்கைச் சிந்தி அனுப்புவோம்லா, அதுமாதிரித்தான். புது நட்டு ஏற்கெனவே வாங்கி வச்சிருந்தேன். திருநாளுக்கு மறுநாள் காலையில கடை தொறந்ததும் முதல் ஆளா வாங்கினேன், அதையும் யாரும் நினைச்சுப் பாக்க மாட்டாங்க. போட்டேன். சரியா வச்சு இறுக்கினேன். அதுல ஒரு தப்பும் இல்ல. வாடிக்கைக்காரனுக்குச் செய்ய வேண்டிய வேலை, செஞ்சேன்.

மறுநாள் கடக்கரையில இன்ஜின் அடிப்பாகத்தை எறக்கி ஓட்டிப் பாக்க புது டிரம்மு, நல்ல தண்ணி. சாமியாரு, கமிட்டி, பொம்பளைங்க, பிள்ளைங்க, எல்லாரும் சுத்தி நிக்காங்க. நான் ஒரு வார்த்தை பேசல அண்ணாச்சி. இதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. நான் ஒரு பொய் சொல்லல. யாரும் என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லல. இன்ஜினை ஓட்டினேன். கைப்பிடியை முன்னால தள்ளினேன், விசிறி சுத்துச்சு. நடுவுல வச்சேன், நின்னுச்சு. அவ்வளவுதான். அவங்க அவங்க கண்ணால பாத்தாங்க.

வியாகுலம், "இன்னொரு தரம் போடுங்க மாமா"ன்னான். போட்டேன். "இன்னொரு தரம்." போட்டேன். மூணு தரமும் நின்னுச்சு. பொறவு அவன் கிட்ட வந்து டிரம்முக்குள்ள கையை விட்டான். இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு. எல்லாரும் கத்துறாங்க. அவன் கேக்கல. விசிறியை உள்ளங்கையால தொட்டுக்கிட்டே நின்னான். ரொம்ப நேரம் நின்னான். கையை வெளிய எடுத்து அந்தக் கையைப் பாத்தான். என்னைக் குத்தம் சொல்லுவான்னு நினைச்சேன். நரம்பு சுத்தினதை அவன் கண்ணால பாத்தவன்தான? அந்த நரம்பு மாமான்னு ஒரு வார்த்தை சொன்னா நான் அங்கயே செத்திருப்பேன்.

அவன் சொன்னான், "அப்ப என் கைதான் தப்புப் பண்ணியிருக்கு."

என்னை அவ்வளவு நம்புதான் அண்ணாச்சி. தன் கையை நம்பல, என் வேலையை நம்புதான். இப்படி ஒருத்தனை என்ன செய்யது?

அன்னையில இருந்து கடலுக்குப் போகல. ஐஸ் பிளாண்ட்ல கட்டி உடைக்கிற வேலை. கித்தேரி சோறு பொங்குதா, துணி துவைக்கா, அவன்கிட்ட மட்டும் பேச்சு இல்ல. ஏழு வருசமா இல்ல. "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு"ன்னு மவகிட்டச் சொல்லுவா. "அம்மாகிட்டத் தண்ணி கேளு"ன்னு இவன் மவகிட்டச் சொல்லுவான். அந்தப் பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டா வீட்டுக்குள்ள ஒரு சத்தம் இருக்காது. இப்பவும் கல்யாணம் ஒண்ணும் அமைய மாட்டேங்குது. கொலைகாரன் மவ. அப்படித்தான சொன்னாங்க கோயிலடியில?

அது போகட்டும். அது அவங்க குடும்ப விஷயம். என் கஷ்டத்தைக் கேளுங்க. தெனமும் நாலு மணிக்கு வேலை முடிஞ்சதும் நேரா இங்க வாரான். ஒரு நாள் தப்பினதில்ல. மழை பெஞ்சாலும் வாரான். டிரம்முல ஏதாவது இன்ஜின் ஓடுதான்னு பாப்பான். ஓடினா கைப்பிடி நடுவுல இருக்கான்னு பாப்பான். பாத்துட்டுக் கையை உள்ள விட்டு விசிறியைத் தொடுவான். இந்த டிரம்முத் தண்ணியைப் பாருங்க, கறுப்பு எண்ணெய். உள்ள விசிறி நிக்கா சுத்துதான்னு கண்ணுக்குத் தெரியாது. நான் ஒரு வேப்பங்கம்பை விட்டுத்தான் தொட்டுப் பாக்கது. கையை விட மாட்டேன். இவன் விடுவான். தொட்டுப் பாத்துட்டு, "நின்னுருக்கு மாமா"ம்பான். பொறவு கேப்பான். தெனமும் ஒரே கேள்வி. "மாமா, கைப்பிடி நடுவுல இருக்கும்போது கீழ கியர் விழுந்திருக்க ஏதாவது வழி உண்டா?"

"இல்லலே"ன்னு சொல்லுவேன்.

"சரி மாமா"ன்னு போயிருவான்.

சண்டை போட்டா சமாளிக்கலாம். சட்டையைப் பிடிச்சா தள்ளி விடலாம். இவன் "சரி மாமா"ன்னு போயிருதான். தொபியாஸாவது சத்தமாத்தான் வாரான். அவன் செத்தவன், மத்தியான நேரம் தெரு முக்குல அவன் சீட்டி ஒண்ணு கேக்கும், அவ்வளவுதான். இந்த உசுரோட இருக்கிறவன் தொல்லைதான் எனக்குத் தாங்க முடியல. அதனாலதான் இந்த மாதிரி நியூட்ரல்ல இழுக்கிற இன்ஜின் எது வந்தாலும் காலையிலயே முடிச்சு மூடி வச்சிருவேன். அவன் கண்ணுல ஒண்ணுகூடப் பட்டதில்ல. ஏழு வருசத்துல நாப்பது இன்ஜினாவது இருக்கும். இது மத்தியானம் வந்து தொலைச்சிருக்கு.

என்ன அப்படிப் பாக்கிய? நான் நரம்பைச் சுத்தினதாலதான்னு நினைக்கியளா? பாத்தியளா, இதுக்குத்தான் நான் யார்கிட்டயும் பேசுறதில்ல. உங்க முகமே மாறிப் போச்சு. எந்திரிக்காதிய, இருங்க, இதைக் கேட்டுட்டுப் போங்க. நட்டுன்னா கழலும் அண்ணாச்சி. நரம்பு சுத்தினாலும் கழலும், சுத்தாட்டியும் கழலும். அதிர்ச்சியில கழலும். இந்தா இந்த இன்ஜினைப் பாருங்க. வாங்கினதுல இருந்து ஒருத்தனும் இந்த இடத்தைத் தொடல. கம்பெனி போட்ட நட்டு, கம்பெனி பெயிண்டு அப்படியே இருக்கு. இதுவும் கழண்டுதான் நிக்கு. நம்ப மாட்டியளா? டிரம்முலதான் மாட்டி வச்சிருக்கேன், ஓட்டிக் காட்டுதேன். நான் இன்னும் இறுக்கல, வந்தது வந்தபடி இருக்கு. நீங்களே பாத்துட்டு ஞாயத்தைச் சொல்லுங்க.

கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, கயித்தை இழுக்கணும். என் முட்டி வேற மடக்க முடியல. ம்ம்... இந்தா... பிடிச்சிருச்சு.

கைப்பிடியைப் பாருங்க. எங்க இருக்கு? நடுவுல. நல்லாப் பாத்துக்கிட்டியளா? இப்ப காதைக் குடுங்க. கிட்... கிட்... கேக்குதா? உங்களுக்கும் கேக்குதுல்லா? அப்பாடா. உங்களுக்கும் கேக்கு. தண்ணியைப் பாருங்க, சும்மா கெடக்குல்லா? பொறுங்க. பொறுங்க... இந்தா! எப்படிச் சுழட்டுச்சு பாத்தியளா? இப்ப திரும்பவும் நின்னுருச்சு. கைப்பிடியை யாராவது தொட்டாவளா? தொடல. தானா கடிக்கு. யார் கையும் படல. அப்ப யார் மேல தப்பு? சொல்லுங்க, யார் மேல தப்பு? என் மேலயா?

என்னது? வியாகுலம் மேலயும் இல்லையான்னு கேக்கிய.

நான் அதைச் சொல்ல வரல. நான் சொல்ல வந்தது வேற.

அங்க யாரு வாரது? சைக்கிளைச் சுவத்துல சாத்துறது யாரு? மணி என்ன ஆச்சு? மூணுதான ஆகுது... இன்னைக்குச் சனிக்கிழமையா? சனிக்கிழமை ஐஸ் பிளாண்ட்டை மூணு மணிக்கு விட்டிருவானே!

அண்ணாச்சி, இன்ஜினை நிப்பாட்டுங்க. உங்க கைப்பக்கத்துல, அந்தச் சிவப்புப் பட்டன். அமுக்கினா நின்னுரும். அமுக்குங்க. எனக்கு ஸ்டூலை விட்டு எந்திரிக்க ஒரு நிமிசம் ஆகும், நீங்க அமுக்குங்க. ஏன் நிக்கிய? பட்டன் தெரியலையா? கைப்பிடிக்கு முன்னால இருக்கு பாருங்க. நீங்கதான நிக்கிய பக்கத்துல!

அமுக்க மாட்டியளா. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிய. சரி. பொண்ணு கேக்க வந்த மனுசன் இப்படியா?

வா வியாகுலம். இவரு முட்டத்துல இருந்து வந்திருக்காரு. ஒண்ணுமில்ல, சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். நீ வீட்டுக்குப் போ, இன்னைக்கு வேலை முடியல. போலே. நாளைக்கு வா. அங்க என்ன பாக்க? கைப்பிடி நடுவுலதான் இருக்கு, சரி, இருந்துட்டுப் போகட்டும். வேண்டாம். இன்னைக்குத் தொட வேண்டாம். சட்டைக் கையை எதுக்கு மடக்க? நான் சொல்லுதேன்லா, வேண்டாம்னு. வியாகுலம்! கையை விடாத! எடுலே கையை, எடு, அது நிக்கல, அது நியூட்ரல்ல இல்ல, கடிச்சிரும், எடு!

மாதாவே.

எடுத்துட்டான். விரல் எல்லாம் இருக்கா? காட்டு. காட்டுலே. இருக்கு. தண்ணி எப்படிச் சுத்துது பாரு. இன்னும் ஒரு நிமிசம் வச்சிருந்தா...

அண்ணாச்சி, இவன் என்னைப் பாக்கல. கைப்பிடியையே பாத்துக்கிட்டு நிக்கான். தண்ணியைப் பாக்கான், திரும்பக் கைப்பிடியைப் பாக்கான். என்னமோ கேக்கான், இன்ஜின் சத்தத்துல விழ மாட்டேங்கு. இருங்க, கிட்டப் போறேன். என்னை ஒரு கை பிடிங்க, எந்திரிக்கணும்.

என்னலே கேட்ட? சத்தமாக் கேளு.

"நடுவுலல்லா இருக்கு மாமா"ங்கான்.

ஆமா வியாகுலம். நடுவுலதான் இருக்கு. அன்னைக்கும் நடுவுலதான் இருந்துச்சு.